உணவில் உயர்வு தாழ்வு

மாந்தர் உண்ணும் உணவுகளில் உயர்ந்தது எது, தாழ்ந்தது எது என்னும் வினாவை எழுப்பினால், விடை கூறத் தயங்குவார் எவரும் இலர். வெண்மையான அரிசிச் சோறு உயர்ந்தது, கேழ்வரகுக் களி தாழ்ந்தது என்பார் ஒருவர். நெய்யிற் செய்த பண்டம் உயர்ந்தது, கருவாட்டுக் குழம்பு தாழ்ந்தது என்பார் மற்றொருவர். இன்னார் கையால் சமைத்தது உயர்ந்தது, இன்னார் தொட்டது தாழ்ந்தது என்று கூறுவாரும் இன்றுவரை இருக்கின்றனர். இவ்விடைகள் எந்த அளவுகோலைக் கொண்டு கூறப்படுகின்றன? அவ்வுணவு உண்பவன் உடலுக்கு என்ன செய்கிறது என்பதைக் கொண்டா? அன்றி, அதனை உண்பவன் சமுதாயத்தில் எந்தப் படியில் நிற்கிறான் என்பதைக் கொண்டா? இதனை நாம் சற்று ஆராய்தல் நன்று. உணவின் சத்தைப் பற்றிய அறிவு மருத்துவர்க்கே உரியது என்று நம்மவரிற் பலர் கருதுகின்றனர். அஃது அறநெறியைச் சார்ந்த பொருளும் ஆகும் என்பதே நாம் கூறப் புகுவது.

அரிசியிலிருந்து தொடங்குவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், டச்சுக்காரர் ஆட்சியிலிருந்த ஜாவாத் தீவில் பெரிபெரி என்னும் நோய் படைவீரரையும் சிறையில் இருந்தோரையும் வாட்டி வந்தது. கால்கள் மரத்து வலுவிழக்கும். சிலருக்கு உடல் வீங்கும். இறுதியில் நெஞ்சு தளர்ந்து உயிர் பிரியும். அந்நோய்க்குரிய கிருமியைத் தேடிக்கொண்டிருந்த மருத்துவர் எய்க்மன் என்பவர், இன்று ஜகார்த்தா என வழங்கும் பத்தாவியா நகரில், தம் ஆய்வகத்துக் கோழிகளும் அதனையொத்த நோயாற் கால் தளர்ந்து விழுவதைக் கண்டார். பின்பு ஒரு நாள் முதல் அக்கோழிகள் தாமே நலம் பெறத் தொடங்கின. காரணத்தை வினவியபோது வெளிப்பட்ட செய்தி வியப்புக்குரியது. படை மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய, நன்கு தீட்டிய வெள்ளரிசிச் சோறே அதுகாறும் கோழிகளுக்கு இடப்பட்டு வந்தது. புதிதாகப் பொறுப்பேற்ற சமையற்காரர், படைவீரர்க்குரிய அரிசியைக் கோழிகளுக்கு இடுதல் தகாது என்று மறுத்துவிட்டார். அன்று முதல் தவிடு நீங்காத மட்ட அரிசியே அவற்றுக்குக் கிடைத்தது. கோழிகள் பிழைத்தன.

இந்நிகழ்ச்சியின் நயத்தை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அச்சமையற்காரர் சத்துணவை அறிந்தவர் அல்லர். இன்னாருக்கு இன்ன அரிசி என்னும் தகுதி வரிசையையே அவர் காத்தார். அவர் காத்த வரிசையே பொய் என்பதைக் கோழிகள் மெய்ப்பித்தன. உயர்ந்தோர்க்கு உரியதென்று ஒதுக்கிய அரிசி நோயைத் தந்தது. தாழ்ந்ததென்று தள்ளிய அரிசி உயிரைத் தந்தது. பின்னர் ஜாவாவின் சிறைச்சாலைகளில் விசாரித்தபோதும், தீட்டிய அரிசி உண்ட இடங்களிலேயே அந்நோய் மிகுந்திருந்தமை புலனாயிற்று. தவிட்டோடு கழிந்துபோன சத்து இன்னதென்பது பின்னரே தெரியவந்தது. 1912-ஆம் ஆண்டு காசிமிர் ஃபங்க் என்பவர் இத்தகைய நுண்சத்துகளுக்கு வைட்டமின் என்னும் பெயரை இட்டார். எய்க்மனுக்கு 1929-ஆம் ஆண்டு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இஃது எங்கோ கடல் கடந்த தீவின் கதை என்று தள்ளிவிடலாகாது. அந்நாளைய சென்னை மாகாணத்தின் வடபகுதியில், தீட்டிய பச்சரிசியை உண்ட தெலுங்கு மாவட்டங்களில் பெரிபெரி நிலைத்திருந்தது. புழுங்கலரிசி உண்ட தென் மாவட்டங்களை அது பெரும்பாலும் அண்டவில்லை. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்தின் ஒரு பகுதி அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பின்பு தீட்டினாலும் அது முற்றும் போவதில்லை. இந்நோயை ஆராயவே 1918-ஆம் ஆண்டு குன்னூர் பாஸ்டர் நிலையத்தில், ஒரே அறையில், மெக்காரிசன் என்பவர் ஓர் ஆய்வுப் பிரிவைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு மாறி, 1969 முதல் தேசிய சத்துணவு நிறுவனம் என விளங்குகிறது. பச்சரிசி பூசைக்கும் விருந்துக்கும் உரிய உயர்ந்த அரிசி என்றும், புழுங்கல் உழைப்பாளியின் அன்றாட அரிசி என்றும் வகுத்து வைத்திருந்த நாட்டில், உழைப்பாளியின் அரிசியே அவனைக் காத்து நின்றது.

நிற்க. கேழ்வரகின் வரலாறும் இத்தகையதே. பெங்களூர், கோலார் வட்டாரங்களில் வாழும் தமிழ் மக்கள் இத்தானியத்தை நன்கு அறிவர். சுற்றிலும் அது விளையும் நிலமே. கேழ்வரகு 100 கிராமில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் அச்சத்து 10 மில்லிகிராம் அளவே. எலும்பு வளரும் பிள்ளைக்கும், கருவுற்ற தாய்க்கும், மூப்படைந்தோர்க்கும் இவ்வேறுபாடு சிறியதன்று. எனினும் நம்மவர் கையிற் சிறிது பணம் புரண்டவுடன் முதலில் வீட்டைவிட்டு வெளியேறியது கேழ்வரகே. விருந்தினர் வரும் வேளையிற் களிப்பானையை மறைத்து வைப்பது ஒரு நாகரிகம் ஆயிற்று. கூலிக்காரன் உணவு என்று பிறர் இகழ்ந்த சொல்லை நாமே ஏற்றுக்கொண்டு, அச்சொல்லுக்கு அஞ்சி, நல்ல உணவைத் துறந்தோம்.

அரசின் ஏடுகளும் இவ்விகழ்ச்சிக்கு விலக்கல்ல. கேழ்வரகு, கம்பு, சோளம் ஆகியவை நெடுங்காலம் முரட்டுத் தானியங்கள் என்றே அரசுக் கணக்குகளில் எழுதப்பட்டு வந்தன. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் பங்கீட்டு விலையை வகுத்தபோது, கிலோ ஒன்றுக்கு அரிசிக்கு 3 ரூபாய், கோதுமைக்கு 2 ரூபாய், இத்தானியங்களுக்கு 1 ரூபாய் என்று அமைத்தது. 2018-இல் அதே தானியங்கள் சத்துத் தானியங்கள் என்று பெயர் மாற்றம் பெற்றன. 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. இன்று பெருநகரக் கடைகளில் அழகிய பைகளில் அடைத்து, அரிசியினும் மிகுந்த விலைக்கு அவற்றை விற்கின்றனர். தானியம் மாறவில்லை, உண்போர் மாறினர். உண்போர் மாறவே தானியத்தின் தகுதியும் மாறிற்று. உணவின் உயர்வு தாழ்வு என்று நாம் கற்றவை பெரும்பாலும் மனிதரின் உயர்வு தாழ்வே என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இவ்வுண்மையை உணர நம்மவர்க்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. ஒருவன் எதனை உண்கிறான் என்பதைக் காட்டியே அவனை ஊருக்கு வெளியே நிறுத்திய நாடு இது. அண்ணல் அம்பேத்கர் 1948-இல் வெளியிட்ட நூலில், தீண்டாமையின் தோற்றத்தை ஆராயுங்கால், மாட்டிறைச்சி உண்டமையையும் பௌத்தர்பால் கொண்ட வெறுப்பையுமே அதன் வேர்களாகக் காட்டினார். அவரே 1927-இல் மகாத் மாநாட்டில், செத்த விலங்கின் இறைச்சியையும் பிறர் எறியும் எச்சிலையும் துறக்குமாறு மக்களை வேண்டினார். இவ்விரண்டும் முரணல்ல. அழுகியதையும் எறிந்ததையும் மறுப்பது உடல்நலமும் தன்மானமும் கருதியது. நல்ல உணவைப் பிறர் இகழ்கின்றனர் என்பதற்காக வெட்கி மறைப்பது அடிமை மனத்தைச் சார்ந்தது. இவ்வேறுபாட்டை நாம் தெளிவாக உணர்தல் வேண்டும்.

பகவன் புத்தரும் இதே தெளிவைத் தந்தார். சுத்த நிபாதத்தில் ஆமகந்தம் என்றொரு பகுதி உண்டு. தீய நாற்றம் எதில் உள்ளது என்னும் வினாவுக்கு, அது புலால் உண்பதில் இல்லை, கொலை, களவு, வஞ்சனை, பொய் முதலிய செயல்களில் உள்ளது என்னும் கருத்து அங்கே விளக்கப்படுகிறது. உயிர்க்கொலையை விலக்கும் முதற்சீலம் இதனால் தளர்ந்துவிடவில்லை. புலால் மறுத்து வாழ்வோர் அந்நெறியிலே நிற்கட்டும். ஆனால் அவ்வொழுக்கத்தை ஏணியாக்கி, மேலே நின்று பிறரை நோக்கி மூக்கைப் பொத்திக்கொள்ளத் தம்மம் இடம் தரவில்லை. பிக்கு வீட்டுக்கு வீடு தாண்டாமல் வரிசையாகச் சென்று ஏற்ற திருவோட்டில், செல்வன் இட்ட நெய்ச்சோறும் வறியவன் இட்ட கூழும் ஒன்றாய்க் கலந்தன. அவ்வோட்டில் உயர்வு தாழ்வு பிரித்தறிதல் எவருக்கு இயலும்?

ஆயினும் நம்மிடையே ஓர் ஐயம் எழக்கூடும். உடல் நிலையற்றது; அதனை ஓம்புவதும் உணவை ஆராய்வதும் பற்றுதலை வளர்ப்பதன்றோ என்று சிலர் வினவுவர். சித்தார்த்தர் உருவேலத்தில் ஆண்டுக்கணக்கில் உடலை வருத்தி, எலும்பும் தோலுமாய் மெலிந்த பின்னரே, அவ்வழி அறிவுக்கு இட்டுச் செல்லாது என்று கண்டார். சுஜாதை அளித்த பாற்சோற்றை ஏற்று, உடல் தேறிய பின்னரே போதியின்கீழ் அமர்ந்தார். மறுபுறத்தே, கோசல மன்னன் பசேனதி ஒரு துரோண அளவு சோற்றை உண்டு, பெருமூச்சு வாங்கிக்கொண்டு பகவனிடம் வந்தபோது, உணவில் அளவறிதலின் பயனையே பகவன் அவனுக்கு உபதேசித்தார். மன்னன் அதனை நாள்தோறும் உண்ணும் வேளையில் நினைவூட்டுமாறு சுதஸ்ஸனன் என்னும் இளைஞனை அமர்த்தி, சிறிது சிறிதாகக் குறைத்து நாழியளவில் நின்றான், உடலும் இலேசாயிற்று. பட்டினியும் தகாது, பெருந்தீனியும் தகாது. நடுவழி என்பது தட்டிலிருந்தே தொடங்குகிறது. ஓட்டையுள்ள தோணியைப் பழுது பார்ப்பவனைத் தோணியின்மேல் பற்றுடையவன் என்று எவரும் கூறார்; அவன் அக்கரை சேர விரும்புகிறவன்.

மற்றோர் ஐயம் இதனினும் வலியது. ஆராய்ந்து உண்பீர் என்று வறியவனிடம் கூறுவது அறமாகுமா? கையில் உள்ள காசு அரிசிக்கே போதாதவனுக்குப் பருப்பும் கீரையும் முட்டையும் பழமும் உபதேசிப்பது அவன் துன்பத்தை அவன் குற்றமாக்குவதன்றோ? இது நியாயமான வினா. ஆளவி நகரில் பகவன் செய்ததை இங்கே நினைவு கூர்வோம். தொலைந்த எருதைத் தேடியலைந்து, பசியோடு அவைக்கு வந்து சேர்ந்தான் ஓர் ஏழை உழவன். பகவன் அவனுக்காகவே காத்திருந்து, முதலில் அவனுக்குச் சோறிடச் செய்தார். அவன் உண்டு தேறிய பின்னரே அறம் உரைத்தார். பிக்குகள் இதைக் குறித்துப் பேசியபோது, பசித்த நிலையில் துன்புறுவோன் அறத்தை அறியமாட்டான் என்று விளக்கினார். பசியை நோய் வரிசையிலேயே வைத்தார் ததாகதர். சாத்தனாரின் மணிமேகலையும் பசியைப் பிணியாகக் கண்டு, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கிய கதையைக் கூறுகிறது.

ஆதலின், வறியவர்க்கு நல்லுணவு கிடைக்கச் செய்தல் முதற்கண் சமுதாயத்தின் கடமை. 1920-ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவிடத் தொடங்கியதும், 2001-இல் உச்சநீதிமன்றம் நாடெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு வழங்கவேண்டும் என ஆணையிட்டதும் இக்கடமையின் படிகளே. பள்ளித் தட்டில் ஒரு முட்டை வைத்தால் ஏறத்தாழ 6 கிராம் புரதம் ஏறுகிறது. ஆயினும் 2021-இல் கருநாடகத்தின் சில மாவட்டங்களில் முட்டை வழங்கத் தொடங்கியபோது, உண்ணாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் உண்டு என்று கூறியும், எதிர்ப்பு எழுந்தது. தான் உண்ணாதது தன் உரிமை. பிறன் பிள்ளையும் உண்ணலாகாது என்பது எந்த அறத்தின்பாற்படும்?

கடமை சமுதாயத்தினுடையது என்று கூறிவிட்டு நாம் கையைக் கட்டிக்கொண்டு இருத்தலும் ஆகாது. நம் கையிலுள்ள காசையே நாம் எவ்வாறு செலவிடுகிறோம்? பழைய உயர்வு தாழ்வு ஓய்ந்த இடத்தில் புதியது ஒன்று வந்து அமர்ந்துள்ளது. தாளில் அடைத்த பண்டம் உயர்ந்தது, வீட்டில் வேகவைத்த கடலை தாழ்ந்தது. புட்டியில் வரும் இனிப்பு நீர் உயர்ந்தது, நீர்மோர் தாழ்ந்தது என்பதே அது. பிள்ளைக்கு வலிமை தரும் என்று விளம்பரப்படுத்தும் மாவுகளைக் கடன்பட்டும் வாங்குவோர் உளர். அவற்றிற் பலவற்றில் மிகுந்திருப்பது சர்க்கரையே. ஆரோக்கிய பானம் என்றொரு வகை உணவுச் சட்டத்தில் வரையறுக்கப்படவில்லை என்று காட்டி, இணைய விற்பனை நிறுவனங்கள் அப்பெயரின்கீழ்ப் பானங்களை வைக்கலாகாது என 2024 ஏப்ரலில் நடுவண் அரசு அறிவுறுத்தியது. 2023-இல் வெளியான நாடளாவிய ஆய்வு, இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவுடையர் என்று மதிப்பிட்டது. பணக்காரர் நோய் என்று ஒரு காலத்திற் கூறப்பட்ட அது, இன்று கூலி வேலை செய்வோர் குடியிருப்புகளிலும் புகுந்துவிட்டது. மதுவைக் குறித்து நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. ஐந்தாம் சீலத்தை அறியாதார் நம்முள் இலர். குடிக்கும் புகைக்கும் போகும் ஒவ்வொரு ரூபாயும் ஒரு பிள்ளையின் தட்டிலிருந்தே எடுக்கப்படுகிறது என்பதை மட்டும் நினைவூட்டுவோம்.

இனி, எல்லாவற்றினும் கூறக் கடினமானதைக் கூறுவோம். ஊரார் வகுத்த உயர்வு தாழ்வை மறுத்துத் தம்மத்தைத் தழுவிய நாம், நம் அடுப்பங்கரையில் ஓர் உயர்வு தாழ்வை இன்னும் காத்து வருகிறோம். ஆடவர் முதலில் உண்பர், பிள்ளைகள் அடுத்து, சமைத்தவள் கடைசியில். மீன் துண்டும் முட்டையும் முன்னிருப்போர் தட்டிலேயே தீர்ந்துவிடும். குழம்பின் அடியும் ஆறிய சோறும் தாய்க்கு மிஞ்சும். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்தச்சோகையுடையர். அவ்வயது ஆடவரில் நூற்றுக்கு 25 பேர். மாதந்தோறும் இரத்தம் இழப்பதும், மகப்பேறும் இதற்கு ஒரு காரணம் என்பது மெய். அங்ஙனமாயின், மிகுதியாக இழப்பவளுக்கு மிகுதியாக இடுவதன்றோ முறை? நாம் செய்வது தலைகீழாக உள்ளது. கடைசியில் உண்பது பெண்ணின் பண்பு என்று புகழ்ந்து கூறுவோர், ஒரு மாதம் தாமே கடைசியில் உண்டு அப்பண்பைப் பயின்று பார்ப்பாராக. பிறர் நம்மைத் தம் பந்தியில் அமர்த்தாததை அநீதி என்று கண்ட கண்ணுக்கு, நம் வீட்டுப் பந்தியில் இடமில்லாதவள் புலப்படாதிருப்பது எவ்வாறு?

ஆதலின் நாம் செய்யத்தக்கவை சிலவற்றைச் சுருங்கக் கூறுவோம். இயன்ற வீடுகளில் வாரத்திற் சில வேளையேனும் கேழ்வரகோ கம்போ அடுப்பேறுக. கேழ்வரகை முளைகட்டி அரைத்தால் அதன் சத்து உடலில் நன்கு சேரும். அரிசியைப் பலமுறை கழுவி, வடித்த கஞ்சியைக் கொட்டுவதைத் தவிர்ப்போமாக. சோறு சிறிது குறைந்து, பருப்பும் பயறும் கடலையும் கூடுக. முருங்கைக்கீரையும் சிறுகீரையும் மலிந்தவை என்பதால் மதிப்பற்றவை ஆகா. உணவோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் இரும்புச் சத்து நன்கு ஏறும். உண்ட உடனே தேநீர் அருந்தினால் அது குறையும். உப்பு நாளொன்றுக்கு ஒருவருக்கு 5 கிராமுக்கு மிகாதிருத்தல் நலம் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் உண்போர் இதனைக் கருத்திற் கொள்க. கருவாட்டை இகழ்வோர் சொல்லுக்கு அஞ்ச வேண்டா. அதன் உப்புக்கு அஞ்சினாற் போதும். பகலெல்லாம் அமர்ந்து வேலை செய்வோர் நாள்தோறும் சிறிது நேரம் விரைந்து நடப்பாராக. இவையனைத்தினும் முதன்மையாக, வீட்டார் யாவரும் ஒருங்கே அமர்ந்து, உள்ளதைப் பங்கிட்டு உண்க.

நம் சங்கத்து விழாக்களும் இதற்கு வழிகாட்டலாம். விசாகப் பௌர்ணமியன்று வண்ண நீரும் இனிப்பும் வழங்கும் வழக்கத்தோடு, கேழ்வரகுக் கூழும் சுண்டலும் நீர்மோரும் வழங்கினால், செலவும் குறையும், சிறுவர் உடலும் தழைக்கும். பிறர் தாழ்ந்ததென்ற உணவை நாம் அவை நடுவே மதிப்போடு வைத்து உண்ணும் நாளில், அதனை உண்டு வளர்ந்த நம் முன்னோரின் உழைப்புக்கும் மதிப்புச் செய்தவராவோம்.

உணவைக் குறித்து நாம் வினவத்தக்கவை இரண்டே. இது உண்பவன் உடலுக்கு என்ன செய்கிறது? இதனை நாம் உண்ணும்போது உண்ணாமல் இருப்பவர் யார்? முதல் வினாவுக்கு விடை அறிவால் வரும். இரண்டாம் வினாவுக்கு விடை கருணையால் வரும். அறிவும் கருணையும் கூடிய இடமே தம்மம். இன்றிரவு சோறு பரிமாறும் வேளையில், எவர் தட்டு இன்னும் வெறுமையாக உள்ளது என்று முதலிற் பார்த்து, அதன்பின் நம் தட்டை நீட்டுவோமாக.